மேற்படி நபர்

“…ஆகவே, மேற்படி நபரை மாலை ஐந்தரை மணிக்கு அலுவலகத்திலிருந்து விடுவிப்பது எங்களுக்கு இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஃபுல்ஸ்டாப். புதுப் பாரா,” என்றார் எங்கள் சீஃப் அக்கவுண்டண்ட்.

ஆங்கிலத்தில்தான் சொன்னார். நான் இப்போது தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். மேற்படி நபர் நான். அதைச் சுருக்கெழுத்தில் பிடித்துக்கொண்டிருந்த பென்சிலும் என் கையில்தான் இருந்தது. தன்னை வேண்டாம் என்று சொல்லும் கடிதத்தைத் தானே எழுதி, தானே டைப் அடித்து, தானே உறையில் போட்டு ஒட்டுகிற பாக்கியம் உலகத்தில் ஸ்டெனோவுக்கு மட்டும்தான் உண்டு.

அது அறுபதுகளின் பிற்பாதி. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் மில்களுக்கு இயந்திர உதிரிகள் செய்து விற்கும் ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகம். கணக்குப் பிரிவுக்கு அவர் தலைவர், நான் அவருடைய ஸ்டெனோ. பல்கலைக்கழகத்தில் அப்போது புதிதாக மாலை வகுப்பு ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். நிதி நிர்வாகத்தில் பட்டமேற்படிப்பு, மூன்று வருஷம், ஆறேகால் மணிக்கு வகுப்பு. அதற்கு மனுப்போட வேண்டுமென்றால் வேலை பார்க்கிற இடத்திலிருந்து ஒரு சர்ட்டிஃபிகேட் வேண்டும்: இன்னார் எங்களிடம் இன்ன வேலையில் இருக்கிறார், வகுப்பு நாட்களில் ஐந்தரைக்கு விட்டுவிடுவோம் என்று. மறுநாள் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி கடைசி நேரம். இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் எனக்கு இந்த ஊரே இருக்குமா என்ற பயத்தில் இருந்தவன் நான். அந்தப் பயத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் அக்கா வீட்டில் ஒண்டியிருந்தேன். வீடு என்பது ஒரே கோலி, பம்பாய்க்காரர்கள் ஒற்றை அறையை அப்படித்தான் சொல்வார்கள். நடுவில் ஒரு சேலையைத் தொங்கவிட்டு இரண்டு ஆக்கியிருந்தோம். பள்ளிக்கூடம் முடித்ததோடு வந்தவன். சுருக்கெழுத்தை யாரிடமும் படிக்கவில்லை. நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று கிடைத்தது. சயான் ஸ்டேஷனில் ஏறி விக்டோரியா டெர்மினஸ் போய்ச் சேர்வதற்குள் தினம் ஒரு பாடம். ஆசிரியரிடம் படித்தவர்களுக்கு ஆயிரம் குறுக்குவழி தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாததால் புத்தகத்தில் அச்சுப் போட்டிருப்பது போலவே கோடு போடுவேன். வேகம் வந்தபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பிறகு மாட்டுங்காவில் காலைக் கல்லூரியில் பி.காம். படித்தேன். ஏழு மணிக்கு வகுப்பு, பத்து மணிக்கு ஆபீஸ்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யாராவது நன்றாக ஒரு வார்த்தை சொன்னால் சும்மா விடமாட்டேன். சுருக்கெழுத்து ஒலியைத்தானே பிடிக்கிறது, எந்தப் பாஷையானால் என்ன? நோட்டின் கடைசிப் பக்கங்களில் தமிழையும் அதே கோடுகளில் எழுதி வைப்பேன். ரயிலில் கேட்டது, குழாயடியில் கேட்டது, ஆபீஸில் கேட்டது. யாராலும் படிக்க முடியாது என்ற தைரியம். எனக்கு அந்த நாளில் இருந்த ஒரே தைரியம் அதுதான்.

மற்றதெல்லாம் பயம். அந்த வருஷங்களில் எங்களைப் பற்றிச் சுவரில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். மதராஸிகள் வந்து ஆபீஸ் வேலையையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள், டைப் அடிப்பவன் அவன், சுருக்கெழுத்து எழுதுபவன் அவன் என்று. எனக்கு மராத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். எழுத்துக் கூட்டிப் படித்தால் பயம் மெதுவாக, எழுத்து எழுத்தாக வரும். ஒரே மூச்சில் படித்துவிட்டுப் போகிறவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

ஒருநாள் காலை ரயிலில் எதிரில் நின்றவர் என் சட்டைப் பையில் இருந்த இரண்டு பென்சில்களையும் கையில் இருந்த நோட்டையும் பார்த்தார். நல்ல உடுப்பு, நல்ல முகம். கத்தவில்லை, முறைக்கவில்லை. “க்யா காம் கர்தா ஹை?” என்று கேட்டார். என்ன வேலை என்று யாரும் யாரையும் கேட்பதுதான். ஆனால் பெட்டியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் வாய் தானாக, “ஹிசாப் கா காம்,” என்றது. கணக்கு வேலை. அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் பென்சில்களைக் கால்சட்டைப் பைக்குள் மாற்றினேன். நோட்டைச் செய்தித்தாளுக்குள் மடித்துக்கொண்டேன். அன்று முதல் அப்படித்தான் போய்வந்தேன். பென்சில் முனை தொடையில் குத்தும். குத்தினால் குத்தட்டும் என்று நிற்பேன்.

அந்த ஒரு பொய் ரயிலோடு போயிருந்தால் பரவாயில்லை. அது என்னோடு கூடவே இறங்கி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மேற்படிப்பு படிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எதைப் படிப்பது என்பதில்தான் தூக்கம் போயிற்று. நாலு விவரப் புத்தகங்களை வாங்கி மஞ்சள் பையில் போட்டு எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எம்.காம். ஒன்று. காலையில் போகலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், முடித்தால் கல்லூரியில் பாடம் சொல்லலாம். சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் ஒன்று. வேலையை விட்டுவிட்டு ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருஷம் எழுதிக்கொடுத்துவிட்டு உட்கார வேண்டும், அந்த மூன்று வருஷம் அக்கா வீட்டு அடுப்பை நம்பி இருக்க வேண்டும். காஸ்ட் அக்கவுண்ட்ஸ் ஒன்று. பாடம் தபாலில் வரும், பரீட்சை எந்த ஊரிலும் எழுதலாம், வேலை தொழிற்சாலைகளில் கிடைக்கும். நாலாவது, நான் சொன்ன மாலை வகுப்பு.

அக்காவிடம் நாலையும் விளக்கினேன். சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“ஏல, ஒனக்கு இப்ப என்னல கொறச்சலு? மணி அடிச்சா உள்ள போற, அவரு சொல்லுதத எழுதுத, வெளிய வார. காத்தாடிக்குக் கீழ இருக்க. அத்தான் மாதிரி தோல் பட்டறைச் சூட்டுலயா நிக்க?”

“இல்லக்கா, மேல படிச்சா…”

“படி. வேண்டாங்கல. அந்தத் தபால்ல வார படிப்பப் படி.”

“அது ஏன்?”

“நாளைக்கு இவனுவ போ போன்னு வெரட்டுனா, காலேசு பின்னாலயா வரும்? தபாலு வரும்லா,” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றுவிட்டது. சட்டி கழுவுகிற அக்காவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாளா? நோட்டை எடுத்து, தபால் வரும்லா, என்று எழுதி வைத்தேன்.

எங்கள் சந்தின் முனையில் ஒரு பாய் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். காயல்பட்டினம் பக்கம். எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார். நான் மஞ்சள் பையிலிருந்து நாலு புத்தகத்தையும் எடுத்து அவர் முன்னால் பரப்பினேன். ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார், காகிதம் எப்படி என்று.

“தம்பி, எனக்கு உள்ள இருக்கறது தெரியாது. ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. ஒருத்தன் வந்து ஒரு பை வேணும்ங்கான். நான் என்ன கேப்பேன்?”

“என்ன விலையிலன்னு கேப்பீங்க.”

“அது அவன் கேப்பான். உள்ள என்ன வைக்கப் போறீங்கன்னு நான் கேப்பேன். டப்பாவா, கணக்கு நோட்டா, டாக்டர் குழாயா? அது தெரியாம நான் கத்தரியத் தொட மாட்டேன். நீங்க என்னடான்னா நாலு தோலையும் விரிச்சுப் போட்டுக்கிட்டு எது பளபளன்னு இருக்குன்னு பாக்கிய.”

“எனக்குத்தான் தெரியலயே பாய், உள்ள என்ன வைக்கணும்னு.”

“அப்ப போயி மொதல்ல அத யோசிங்க. பரீட்ச முடிஞ்ச மறுநாளு காலையில நீங்க எந்த நாக்காலியில போயி உக்காரப் போறிய? அந்த நாக்காலியில இப்ப யாரு இருக்கா, அவரு என்ன செய்யுதாரு?” என்றவர், கொஞ்சம் யோசித்து, “ரொம்பக் குழப்பமா இருந்தா இதையே எடுத்துக்கிடுங்க, முத்திர பெருசா இருக்கு,” என்று எம்.காம். புத்தகத்தைத் தட்டினார்.

முத்திரையை விட்டுவிட்டேன். நாற்காலியை விட முடியவில்லை. அவர் கேட்டதும் என் கண்ணில் வந்து நின்றது ஒரே ஒரு நாற்காலிதான், சீஃப் அக்கவுண்டண்டின் நாற்காலி. அதற்குக் காரணம் ஒரு கடிதம்.

சில மாதங்களுக்கு முன் செம்பூர்ப் பக்கம் இருந்த எங்கள் தொழிற்சாலையிலிருந்து, புது மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார்கள். சீஃப் அக்கவுண்டண்ட் படித்தார். காகிதத்தின் ஓரத்தில் ஏதோ கிறுக்கினார். என்னைக் கூப்பிட்டு நாலே வரியில் வேண்டாம் என்று பதில் சொன்னார். நான் எழுதினேன், அடித்தேன், ஒரு பிழை இல்லை. ஆனால் ஏன் வேண்டாம் என்பது எனக்கு விளங்கவில்லை. சாப்பாட்டு வேளையில் கோப்பைத் திறந்து அந்தக் கிறுக்கலைப் பார்த்துக் கூட்டினேன், வகுத்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பி.காம். படித்தவன் நான். போன வருஷம் என்ன ஆயிற்று என்று கேட்டால் எழுதிவிடுவேன். ஐந்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்று இன்றைக்கு எப்படிச் சொல்வது? அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாலை வகுப்பின் மூன்றாம் வருஷப் பாடத்தில் அதே விஷயம் அச்சாகியிருந்தது. எம்.காம்.மில் இல்லை. தபால் பாடத்தில் ஒரு ஓரத்தில் இருந்தது. சார்ட்டர்டில் இருந்ததோ என்னவோ, அக்காவின் அடுப்பைப் பார்த்தபிறகு அந்தப் புத்தகத்தை நான் திறக்கவில்லை.

ஆக, எது என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பயம் இரண்டு மடங்காயிற்று. மற்ற மூன்றுக்கும் அவரிடம் போய் நிற்க வேண்டாம். இதற்கு நிற்க வேண்டும்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பூரிலிருந்து வருவார். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். எங்கள் இருவருக்கும் தமிழ்தான் தாய்மொழி. ஆனால் ஆபீஸில் ஒரு வார்த்தை தமிழில் பேசியதில்லை. இரண்டு மதராஸிகள் கதவைச் சாத்திக்கொண்டு என்ன குசுகுசு என்று மற்றவர்கள் கேட்பார்கள் என்பது காரணமாக இருக்கலாம். மணி ஒரு தரம் அடித்தால் பியூன், இரண்டு தரம் அடித்தால் நான். தொழிற்சாலைத் தபால் நாலு மணிக்கு மேல்தான் வரும் என்பதால் என் வேலை ஐந்துக்குத்தான் சூடு பிடிக்கும். அவர் கையில் நான் பேனாவைத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் கையெழுத்துப் போட அல்லது ஓரத்தில் கிறுக்க. என் மேஜைப் பக்கம் எப்போதாவது வந்தால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, டைப்ரைட்டருக்கு ஒரு முழம் தள்ளியே நிற்பார். “அவரு பேரேட்டோட பொறந்தவருப்பா,” என்று எங்கள் தமிழ்க் குமாஸ்தா ஒருவர் சொல்வார். அதுவும் என் நோட்டில் இருக்கிறது.

அவர் சொல்லும் கடிதம் ஒவ்வொன்றிலும் இடதுபக்கம் கீழ் மூலையில் ஒரு குறி இருக்கும். எல்லா ஆபீஸிலும் உள்ளதுதான். சொன்னவருடைய பெயரின் முதல் எழுத்துகள், ஒரு சாய்கோடு, அடித்தவனுடைய முதல் எழுத்துகள். அவர் எழுத்து பெரியதாக, என் எழுத்து சின்னதாக. நாலு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தரம் அந்தச் சாய்கோட்டுக்கு இந்தப் பக்கம் அவரையும் அந்தப் பக்கம் என்னையும் அடித்திருப்பேனோ.

இனி அந்தப் பொய். மாட்டுங்காவில் நான் சாப்பிடுகிற மெஸ்ஸில் பி.காம். நண்பன் ஒருவன் வருவான். பாங்கில் வேலை. மனுப் படிவத்தை இலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ‘தற்போதைய பதவி’ என்ற இடம் காலியாக இருந்தது.

“என்ன போடப்போறே?”

“ஸ்டெனோகிராபர்.”

அவன் ரசத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். “நோக்குப் பைத்தியமா? ஷார்ட்ஹேண்ட் தெரியும்னு வாயத் தொறந்தியோ, அதோட போச்சு. ரிடயர் ஆற வரைக்கும் பென்சிலச் சீவிண்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். எங்க பாங்குல நேக்கு ஷார்ட்ஹேண்ட் தெரியும்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இந்த மெஸ்ல மேல வந்தவா யாராயிருந்தாலும் சரி, மொதல்ல அத மறந்தவாதான்.”

“பொய்யில்லயாப்பா அது?”

“நீ எங்க உக்காந்திருக்கே? அக்கவுண்ட்ஸ்லதானே? அப்பறம் என்ன பொய்? அக்கவுண்ட்ஸ் அசிஸ்டண்ட்னு போடு.”

எனக்கு ரயிலில் கேட்ட அந்த மனிதரின் முகம் ஞாபகம் வந்தது. ஹிசாப் கா காம் என்று சொன்னதும் அவர் தலையை ஆட்டியது ஞாபகம் வந்தது. மறுநாள் சாப்பாட்டு வேளையில், யாரும் இல்லாதபோது, என் ஆபீஸ் மெஷினிலேயே படிவத்தைச் செருகி, ‘உதவியாளர், கணக்குப் பிரிவு’ என்று அடித்தேன். அடிக்கும்போது சத்தம் எப்போதையும்விட அதிகமாகக் கேட்டது.

அதைச் சர்ட்டிஃபிகேட்டுக்காக அவர் மேஜையில் வைத்தபிறகுதான் புத்தியில் உறைத்தது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று உலகத்தில் யாருக்காவது சரியாகத் தெரியும் என்றால் அது அவருக்குத்தான். அவரிடமே போய் அந்தப் பொய்யைக் கையெழுத்துக்கு வைத்திருக்கிறேன். தாராவியிலும் மாட்டுங்காவிலும் ஆளுக்கு ஒரு யோசனை கேட்டு அலைந்தவனுக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை. புதன்கிழமை வைத்தேன். வியாழன் முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல மணியை இரண்டு தரம் அடித்தார், வழக்கம்போலக் கடிதங்கள் சொன்னார். படிவம் கண்ணாடி எடைக்கல்லின் கீழே இருந்தது. நான் ஒவ்வொரு தரம் உள்ளே போகும்போதும் அந்தக் கல் வழியாக என் பொய் பெரியதாகத் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. “காச்சலால?” என்று அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம் என்று சொன்னேன். அதுவும் பொய்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு மணி இரண்டு தரம் அடித்தது. போனேன். “பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம்,” என்று ஆரம்பித்தார். யாரோ ஒரு அன்னியனைப் பற்றிச் சொல்வது போல, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், ஆரம்பத்தில் நான் எழுதியிருக்கிறேனே, அந்த வாக்கியம் வரை சொன்னார். புதுப் பாரா என்றார். நான் காத்திருந்தேன்.

“மேலும், மேற்படி நபர் தம் மனுவில் குறிப்பிட்டுள்ளபடி கணக்குப் பிரிவில் உதவியாளராக இல்லை…”

என் கை நின்றுவிட்டது. அவர் குரல் மேலே போய்க்கொண்டிருந்தது. பென்சில் தாளில் தொட்ட இடத்திலேயே இருந்தது. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். வேலை போனால் எந்தப் படிப்பும் இல்லை, நாளைக் காலை ரயிலில் யாராவது கேட்டால் சொல்வதற்குப் பொய்கூட இல்லை.

“ரீட் பேக்,” என்றார். சொன்னதைத் திருப்பிப் படி என்று அர்த்தம். ஸ்டெனோவுக்குத் தினமும் உள்ள வேலை.

படித்தேன். முதல் பாரா ஒரு மாதிரி போயிற்று. இரண்டாவதில் ‘மேற்படி நபர்’ என்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை. இரண்டு தரம் முயன்றேன்.

அவர் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நான் விட்ட இடத்திலிருந்து, அந்தக் கோடுகளைப் பார்த்து, தங்குதடையில்லாமல் ஆங்கிலத்தில் படித்தார். என் பென்சில் நின்ற இடம் வரை.

“கடைசி வரியக் காணோமே,” என்றார்.

இரண்டு விஷயம் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக எட்டியது. தமிழில் பேசியிருக்கிறார். சுருக்கெழுத்தைப் படித்திருக்கிறார்.

அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே கடைசிக்குப் போனார். பேரேட்டோடு பிறந்தவர் என்பது அங்கேதான் இருந்தது. உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். பழைய ஆள் ஒருவரைக் கூட்டத்தில் அடையாளம் கண்டுபிடிக்கிறவர் போல. ஒரு இடத்தில் நின்று உரக்கவே படித்தார்: “மேல வந்தவா யாராயிருந்தாலும் சரி, மொதல்ல அத மறந்தவாதான்.” நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “இது யாரு சொன்னது?” என்றார்.

“ஃப்ரெண்டு சார். மாட்டுங்கா மெஸ்ல.”

“மெஸ்ல இன்னும் அதையேதான் சொல்லிண்டிருக்காளா,” என்றார். பிறகு, “கோடெல்லாம் புஸ்தகத்துல அச்சுப் போட்ட மாதிரி இருக்கு. யார்ட்ட கத்துண்டே?”

“புஸ்தகத்துகிட்டதான் சார்.”

சிரிப்பு வரப்பார்த்தது அவருக்கு, வரவில்லை. “இந்தப் படிப்பு எதுக்கு நோக்கு? எம்.காம். படிச்சா வாத்தியாராப் போலாமே. பயமில்லாத உத்தியோகம்.”

“செம்பூர் மெஷின் வேண்டாம்னு நாலு வரி சொன்னீங்கல்லா சார். நான்தான் அடிச்சேன். ஏன் வேண்டாம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அது தெரியணும் சார். அது எம்.காம்.ல இல்ல.”

அவர் நோட்டை மூடினார். படிவத்தை எடைக்கல்லின் கீழிருந்து எடுத்து, நான் அடித்த அந்த வார்த்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயமா இருக்கா?”

“இருக்கு சார்.”

“நேக்கும்தான்,” என்றார். “இருபத்தோரு வருஷமா.”

படிவத்தோடு எழுந்து அறைக்கு வெளியே வந்தார். நான் பின்னால் வந்தேன். கணக்குப் பிரிவில் பதினைந்து பேர் இருந்தார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தவர், ஒரு முழம் தள்ளி நின்றார். அப்புறம் கைகளை விடுவித்து, என் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். படிவத்தைச் செருகினார். என் பொய்யின் மேல் வரிசையாக எக்ஸ் எழுத்துகளை அடித்தார். அதற்கு மேலே ‘ஸ்டெனோகிராபர்’ என்று அடித்தார். பேனாவை எடுத்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். மேஜை இழுப்பறையிலிருந்து கம்பெனி லெட்டர்ஹெட்டையும் கார்பனையும் கோப்புக்கான மெல்லிய தாளையும் கேட்காமலே எடுத்து, மூன்றையும் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி நேராக்கி உருளையில் ஏற்றினார். பத்து விரலும் அடித்தன. கண் எழுத்துப் பலகையில் இல்லை, எதிர்ச் சுவரில் இருந்தது. பதினைந்து பேரும் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்: மேற்படி நபர் எங்கள் அலுவலகத்தில் ஸ்டெனோகிராபர், வகுப்பு நாட்களில் ஐந்தரை மணிக்கு விடுவிக்கப்படுவார், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. கடைசியில் வரியை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து, கீழ் மூலையில் தம் எழுத்துகளைப் பெரியதாக அடித்தார், ஒரு சாய்கோடு போட்டார், சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம், என் எழுத்துகள் வருகிற இடத்தில், தம் எழுத்துகளையே சின்னதாக அடித்தார்.